மாமியாருக்கு மோட்சம் வாங்கிய கதை

என் மாமியாருக்கு மோட்சம் வாங்கித் தருவது என்று முடிவானது ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். முடிவு செய்தவர்கள் ஏழு பேர். மாமியாரை யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, காப்பி கலந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஏழு பேரும் வகுப்புக்காரர்கள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் இருக்கிறார். வியாழக்கிழமைதோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் வீட்டு ஹாலில் வேதாந்த வகுப்பு; அவர்தான் தலைவர். வேலையில் இருந்த காலமெல்லாம் லோன் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகிய மனிதர். ஆகவே உலகமே இல்லை என்று சொல்வது அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. என் கணவர்தான் அவருடைய பிரதான சீடர். முதல் வரிசை, நோட்டுப் புத்தகம், மூன்று நிறத்தில் பேனா.

என் கணவர் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கர்மாவைப் பற்றி அவர் சொன்னால் எந்த மக்குக்கும் புரிந்துவிடும்.

"கர்மா மூணு வகையாக்கும்," என்பார். "சஞ்சிதம்னா ரெக்கார்ட் ரூம். ஜென்ம ஜென்மமாச் சேர்ந்த ஃபைல் எல்லாம் அங்க கெட்டிக் கிடக்கு. பிராரப்தம்னா அதுலேர்ந்து இந்த ஜென்மத்துக்குன்னு எடுத்து மேஜைமேல வச்ச ஃபைல். அதை அனுபவிச்சே தீக்கணும், திருப்பி அனுப்ப முடியாது. ஆகாமின்னா இன்னிக்கு வர்ற தபால். ஞானம் வந்துடுத்துன்னா ரெக்கார்ட் ரூம் எரிஞ்சு போயிடும், புதுத் தபாலும் ஒட்டாது. மேஜைமேல இருக்கறது மட்டும் தீரணும். தீந்தா மோட்சம். மனசிலாச்சா?"

எனக்கு நன்றாகவே மனசிலாச்சு. கூடவே, அந்த மேஜைமேல் இருக்கும் ஃபைல் எப்போதும் மற்றவர்களுடையதாகவே இருக்கும் என்பதும் புரிந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் வள்ளியூர்ப் பக்கம். அவள் புருஷன் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தபோது, "பிராரப்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவருக்கு முழங்கால் வலி வந்தபோது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு எலும்பு டாக்டரையும் கோட்டைக்கல் தைலத்தையும் பார்த்துவிட்டார்.

மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது. அந்த வியாழக்கிழமைக்கு ஏழெட்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்று படுத்தவர்தான். பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு என்ன இஷ்டமோ அதைச் செய்து கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார். காதுதான் மந்தமாகியிருந்தது. புத்தியில் ஒரு குறைவும் இல்லை.

அவருக்கு இஷ்டமானது ஒன்றே ஒன்றுதான். பெண்ணைப் பார்க்க வேண்டும்.

பெண் என்றால் என் நாத்தனார். விழிஞ்ஞத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிற ஒரு கிறிஸ்தவரை இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம். அவள் போன அன்றே என் கணவர் அவளைக் கை கழுவினார். அப்பா இல்லாத வீடு, இவர்தான் மூத்தவர். மாமியார் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஏகாதசிக்கு ஏகாதசி சாயங்காலம் கோயிலுக்கென்று புறப்படுவார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார். அம்மாவுக்கு வயசாக ஆக பக்தி கூடுகிறது என்று என் கணவர் பெருமைப்பட்டுக்கொள்வார். எனக்கு விஷயம் தெரியும். துளசிப் பிரசாதத்துக்கு பெண் தந்த ஏத்தங்காய் உப்பேரியின், அந்த நேந்திரங்காய் வறுவலின், வாசனை வருமா?

விழுந்த பிறகு அது நின்றுபோயிற்று. போனில் பேசலாம் என்றால் காது கேட்காது. முதல் மாதமே நாத்தனார் கேட் வரை வந்தாள். என் கணவர் கேட்டைத் திறக்காமலேயே, "அம்மா தூங்கறா" என்றார். அப்போது காலை பத்து மணி. உள்ளேயிருந்து மாமியார் என்னோடு பேசுகிற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவள், "நீ கூப்பிடு அண்ணா, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் ரோஷக்காரி. இவர் கூப்பிடவில்லை.

அப்போதெல்லாம் இவர் சொன்ன காரணம் குடும்ப மானம். பிறகு வகுப்பில் அதைவிட உயர்ந்த காரணம் ஒன்று கிடைத்தது. உயிர் போகிற நேரத்தில் மனசில் எது நிற்கிறதோ அதுதான் அடுத்த பிறவி என்று தலைவர் பாடம் நடத்தினார். பகவான் நின்றால் முக்தி. பெண் நின்றால் பந்தம். பந்தம் என்றால் மறுபடி கர்ப்பவாசம், மறுபடி பல் முளைக்க வேண்டும், மறுபடி பத்தாம் கிளாஸ் பரீட்சை. இவர் அன்று வீட்டுக்கு வந்தபோது முகமே சரியில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் ஏழு பேரும் வகுப்பு முடிந்த கையோடு எங்கள் கூடத்துக்கு வந்தார்கள்.

"மாமிக்கு இதுவாக்கும் கடைசி ஜென்மம்," என்றார் தலைவர். "முகத்தைப் பாத்தாலே தெரியறது. பக்ஷே ஒரு சின்ன ஆசை பாக்கி நின்னாப் போரும், எல்லாம் போச்சு. நாமதான் காவல் நிக்கணும்."

முகத்தில் தெரிந்தது பசி. இவர்கள் எழுந்து போனால்தானே நான் இலை போட முடியும்?

என் கணவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு டியூட்டி சார்ட் எழுதினார். காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாமியார் அறையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வீண் பேச்சு வராமல், வேண்டாத நினைவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டுக்குமேல் இவரே அங்கே பாய் விரித்துப் படுப்பார். காவல் இல்லாத நேரம் வாரத்துக்கு இரண்டே மணி நேரம், வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு. அப்போது காவல்காரர்கள் அத்தனை பேரும் வகுப்பில் உட்கார்ந்து பற்றை அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அறையைச் சுத்தம் செய்தார்கள். டி.வி. போயிற்று. அதில் மாமியார் சீரியலையே பார்த்துக்கொண்டு போனால் அடுத்த பிறவியிலும் மாமியாராகவே பிறந்துவிடுவார் என்று பயம்போலிருக்கிறது. மாவடு ஜாடி போயிற்று. கைக்கண்ணாடி போயிற்று. சுவரில் ஜவுளிக்கடை காலண்டர் ஒன்று, மேலே தவழும் கிருஷ்ணன், கீழே பட்டுப்புடவை கட்டிய பெண். வைப்பதா எடுப்பதா என்று அரைமணி நேரம் விசாரம் நடந்தது. கடைசியில் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, புடவைக்காரியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பலாமரம். பழம் கண்ணில் படக்கூடாது என்று திரை போட்டார்கள். பழுத்த வாசனைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஜன்னல் வழியாக ஒரு பூனை வரும். காவலில் இருந்த ரிட்டயர்டு என்ஜினியர் அதைக் குடையால் விரட்டினார்.

"அதை ஏன் விரட்டறேள்?" என்று மாமியார் கேட்டார்.

என்ஜினியர் அவர் காதருகே குனிந்து கத்தினார். "பூனையை நெனச்சுண்டு போனா பூனையாப் பொறப்பேள் மாமி."

"பொறந்தா என்ன? பால் கிடைக்கும். வகுப்பு கிடையாது."

தலையணைக்கடியில் பெண்ணின் போட்டோ இருந்தது. அதை மட்டும் என் கணவர் தாமே எடுத்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, மரியாதையாகவே விலக்கி, போட்டோவை எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு இவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல் இருந்தது. வைக்கவில்லை. அடுக்களைக்குப் போய்ப் புளி கரைத்தேன்.

அன்று சாயங்காலம் வாயை அடக்க முடியாமல் கேட்டேன். "மோட்சம் வேணும்கறதும் ஒரு ஆசைதானே?"

"அது ஆசையில்லை. முமுக்ஷுத்வம்," என்றார். விடுதலைக்கு ஏங்குவதற்கு வகுப்பில் கொடுத்திருக்கும் கௌரவமான பெயர்.

"அம்மாவுக்கு அது இருக்கா?"

"அவளுக்காக எனக்கு இருக்கு."

இதற்குமேல் என்ன பேசுவது? அம்மாவுக்குப் பசித்தால் பிள்ளை சாப்பிடுகிற சமாசாரமாக இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையில் அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். முக்தியடைந்தவளின் பிள்ளை என்று வகுப்பில் பெயர் வர வேண்டும். பலனில் பற்று வைக்காமல் கர்மம் செய் என்று நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழேயே இந்தப் பலனுக்கு மனுப் போட்டிருந்தார்.

காப்பியும் நின்றது. துளசித் தீர்த்தம் மட்டும்தான் கொடுக்கலாம், அதுவும் செப்புச் செம்பில். அந்த விஷயத்தில் நான் யாருக்கும் மசியவில்லை. தினம் காலையிலும் மூன்று மணிக்கும் அதே செப்புச் செம்பில் நல்ல டிகாக்ஷன் காப்பியை ஊற்றி, மேலே ஒரு துளசி இலையைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். காவல்காரர்கள் கைகூப்புவார்கள். மாமியார் குடித்துவிட்டு, "தீர்த்தம் இன்னிக்குக் கொஞ்சம் சர்க்கரை கம்மி" என்பார். எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை. இந்த மடையர்கள் நடுவே நான் ஒருத்திதான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். காவலில் இருந்த என்ஜினியர் மடியில் பேப்பரோடு தூங்கிவிட்டார். தலைமாட்டில், பிளக்கில் செருகினால் ஓயாமல் நாமம் சொல்லும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு அது கேட்காது. வீட்டில் அதை முழுக்கக் கேட்டவள் நான் ஒருத்திதான், மோட்சம் வந்தால் எனக்குத்தான் வர வேண்டும். நான் போர்வையைச் சரி செய்தபோது மாமியார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"அவளை ஒரு தரம் கண்ணால பாத்துட்டாப் போரும்," என்றார். "எனக்கு மோட்சம் ஒண்ணும் வேண்டாம், கேட்டியா. பாத்துட்டு அப்பறம் நான் என்னவா வேணாப் பொறக்கறேன்."

நான் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன். சொன்னதும் அவள், "இதோ பொறப்படறேன் மன்னி" என்றாள்.

"இப்போ வேண்டாம். இங்க ஆள் இருக்கு. உங்க அண்ணாவும் வந்துடுவார், ரகளை ஆகும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வா. ஒருத்தரும் இருக்க மாட்டா. ரெண்டு மணி நேரம் நிம்மதியா உக்காந்துட்டுப் போலாம்."

"வியாழக்கிழமை வரைக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. காலம்பற ஒரு செம்பு காப்பி குடிச்சா. நன்னாத்தான் இருக்கா."

"சரி மன்னி" என்றாள்.

மாமியாரிடம் சொல்ல வேண்டுமே. கத்தினால் என்ஜினியர் விழித்துக்கொள்வார். பழைய காலண்டர்த் தாளின் பின்னால் பெரிய எழுத்தில், வியாழக்கிழமை வருவாள் என்று எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். என் கையைத் தட்டிக் கொடுத்தார். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அதிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். "இன்னிக்கு வியாழனா?" திங்கட்கிழமை நாலு தடவை கேட்டார். செவ்வாய்க்கிழமை கணக்கே இல்லை. தலைவருடைய டியூட்டியில் கேட்டபோது அவர் புல்லரித்துப் போனார்.

"பாத்தேளா? வகுப்பு நாளை எண்ணிண்டிருக்கா," என்று என் கணவரிடம் சொன்னார். "படுத்த படுக்கையிலும் மனசு சத்சங்கத்துல நிக்கறது. மோட்சம் நிச்சயமாக்கும்."

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆமாம், சிரித்தேன். அதை இப்போது மறைத்து என்ன பிரயோஜனம்?

புதன்கிழமை மூன்று மணிக்குச் செம்போடு போனால், மூச்சு வேறு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. தலைவர்தான் காவல். என் கணவர் ஓடி வந்தார். பத்து நிமிஷத்தில் ஏழு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று நாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ நாமப் பெட்டியின் சத்தத்தையும் கூட்டினார்கள். மாமியார் கண் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து என்னிடம் வந்து நின்றார்.

"நாளைக்குத்தானே?" என்றார்.

நான் காதில் வாயை வைத்து, "ஆமாம்மா, நாளைக்குத்தான்" என்று கத்தினேன்.

சரி என்பதுபோல் தலையை அசைத்தார். கால்மணி நேரத்தில் போய்விட்டார்.

தலைவர் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் வியாக்கியானம் செய்தார். "நாளைக்குன்னு சொன்னா கவனிச்சேளோ? போகப்போற இடம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஒரு ஆசை இல்லை, ஒரு பந்தம் இல்லை, யாரையும் தேடலை. பூரண முக்தி."

நாத்தனாருக்கு நான்தான் போன் செய்தேன். ஐந்து மணிக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை கேட் திறந்திருந்தது. அம்மாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என் கணவர் அவள் பக்கத்தில் போய், அம்மா பந்தமே இல்லாமல் போய்விட்டாள், நல்ல கதி என்று ஆறுதல் சொன்னார். அவள் அம்மாவின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விளக்குக்கு எண்ணெய் விடப் போனேன்.

எனக்கு அடக்க முடியாத கோபம். எல்லாம் இவர் மேல்தான். இவர் அன்று கேட்டைத் திறந்திருந்தால், இவர் போட்டோவைப் பிடுங்காமல் இருந்திருந்தால் என்று மனசுக்குள் ஒன்பது நாளும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் முக்தி விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரியசாலையிலிருந்து வந்த மளிகை மொத்தக் கடைக்காரர்கூட, நாமப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

நடுவில் ஒரு தடவை கேட்டேன். "முக்தி கிடைச்சாச்சுன்னா, தினம் உருட்டி வைக்கறேளே இந்தப் பிண்டம், இது யாருக்கு?"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு."

"முக்தி ஆனவா வந்து இதைத் திம்பாளோ?"

"ஒருவேளை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். செக்ரட்டேரியட்காரர் அல்லவா, ஆர்டர் கைக்கு வந்தாலும் நகல் ஒன்றை வேறு இடத்தில் போட்டு வைப்பார்.

பத்தாம் நாள் காரியம் கரமனை ஆற்றங்கரையில். ஏழு பேரும் வந்திருந்தார்கள். நாத்தனாரை இவர் கூப்பிடவில்லை. சோற்று உருண்டையை இலையில் வைத்து, ஈரக் கையைத் தட்டிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். காக்காய் வந்து எடுத்தால் போனவருக்குத் திருப்தி. எடுக்காவிட்டால் ஏதோ ஆசை பாக்கி என்று அர்த்தம். அது என்னவென்று யாராவது ஊகித்து, வாய்விட்டுச் சொல்லி, நிறைவேற்றுகிறோம் என்று வாக்குக் கொடுத்தால் காக்காய் எடுக்கும் என்பார்கள்.

காக்காய் எடுக்கவில்லை. என்னைக் கேட்டால் காரணம் சாதாரணம். எங்களுக்கு முன்னால் நாலைந்து குடும்பங்கள் வைத்துவிட்டுப் போயிருந்தன, காக்காய்களுக்குத் தொண்டை வரை நிறைந்திருந்தது. ஒன்று வந்து இலையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் குடும்பத்து இலையிலிருந்த வடைக்குப் போய்விட்டது. ஆனால் என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆசை பாக்கி என்றால் முக்தி இல்லை. பத்து நாளாக ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றே.

"அம்மாவுக்கு ஏதாவது ஆசை இருந்துதோ? சொல்லி வாக்குக் குடுங்கோ," என்றார் காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார்.

"மாமிக்கு ஆசைன்னே ஒண்ணு கிடையாது," என்றார் தலைவர்.

"அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம் மாமா. காக்காய்க்குத் தெரியலையே. அடுத்த பார்ட்டி காத்துண்டிருக்கா, சீக்கிரம் ஆகட்டும்."

என்ஜினியர்தான் முதலில் வாய் திறந்தார். "மாவடு நாலு பேருக்குக் குடுத்துடறோம்." காக்காய் வரவில்லை. இன்னொருவர், "பூனைக்குத் தினம் பால் வச்சுடலாம்" என்றார். "டி.வி. இருந்த எடத்துல மறுபடி வச்சுடறோம்." "பலாப்பழம் வாங்கி தானம் பண்ணிடலாம்." என் கணவர் இலையைப் பார்த்து, "காப்பி... தினம் காப்பி வச்சு நமஸ்காரம் பண்ணறேன்மா" என்றார். அப்படியென்றால் இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எடுத்துப்போட்ட ஒவ்வொன்றும் அவர்களுக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணைப் பாக்கணும்னு கேட்டா," என்றேன். "அது மட்டும்தான் கேட்டா. எல்லாருக்கும் தெரியும்."

ஏழு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். வாத்தியாருக்கு நிம்மதியாக இருந்தது. "அப்போ அவாளை வரச் சொல்லுங்கோ. சொந்தப் பொண்ணு கையால வச்சுக் காக்கா எடுத்துப் பாத்திருக்கேன்," என்றார்.

என் கணவர் தலைவரைப் பார்த்தார். தலைவர், "உசிதம்போல" என்றார். நான் என் போனிலேயே நாத்தனாரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் நீட்டினேன். அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றுதான். இருபத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து இன்று இவர் வாயால் கேட்கட்டும். அந்த நிமிஷம் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

"நான்தான்," என்றார். "நீ ஒரு ஆட்டோ புடிச்சு ஆத்தங்கரைக்கு வரணும். காக்கா எடுக்க மாட்டேங்கறது. அம்மாவுக்கு உன்னைப் பாக்கணும்னு ஒரு ஆசை இருந்திருக்கும்போல."

போனில் அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அண்ணா, அம்மா எட்டு மாசமாக் கேட்டிருக்கா. அப்போ நீ கூப்பிடலை. இப்போ காக்கா கேக்கறதுன்னு கூப்பிடறே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. போனை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

"மன்னி," என்றாள் அவள். "நீங்கதான் போனைப் பிடிச்சுண்டு நிக்கறேள்னு தெரியும். உங்ககிட்டயும்தான் சொல்றேன். நான் ஞாயித்துக்கிழமையே வரேன்னேன்."